கரிபால்டி ஏரிக்கு ஒரு நாள் நடை: பாஸ் எடுப்பது முதல் பத்திரமாக இறங்குவது வரை

வான்கூவருக்குப் புதிதாக வந்தவர்கள், கோடை விடுமுறைக்கு டொரொண்டோவிலிருந்து வருபவர்கள், ஊரிலிருந்து மாணவராக வந்து இறங்கியவர்கள் எல்லோரும் முதல் ஆகஸ்டுக்குள் கரிபால்டி ஏரியின் படத்தைப் பார்த்துவிடுகிறார்கள். வான்கூவருக்கு வடக்கே மலைமேல் இருக்கும் ஏரி அது. பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், எதிரே பனியாறு. சனிக்கிழமை போய்விட்டு வரலாம் என்று கிளம்பி, பாதிப் பேர் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே திரும்புகிறார்கள். இன்னும் சிலர் இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி இறங்குகிறார்கள். கால் வலுவில்லாமல் இப்படி ஆவதில்லை. பூங்கா பாஸ், வண்டி, கடிகாரம் இந்த மூன்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால்தான் ஆகிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மூன்றைப் பற்றியது.

1. முதலில் இந்த நடை உங்களுக்கு ஆகுமா என்று பாருங்கள்

ரபிள் க்ரீக் என்ற இடத்திலிருந்து ஏரிக்கு 9 கிலோமீட்டர். போக வர 18. ஏற்றம் 800 மீட்டருக்குச் சற்று மேல். ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதை இங்கே "நடுத்தரம்" என்கிறார்கள். அந்தச் சொல்லை நம்பி, கொடைக்கானல் ஏரியைச் சுற்றுவது போல என்று நினைத்துவிடாதீர்கள். அலிபிரி வழியாகத் திருமலைக்கு 3,550 படி ஏறியவர்களுக்குக் கணக்கு சட்டென்று புரியும்: தூரமும் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இங்கே வழியில் கூரை கிடையாது, கடை கிடையாது, மேலே போனபின் இறங்குவதற்கு பஸ்ஸும் கிடையாது. ஏறிய அத்தனையையும் நடந்தேதான் இறங்க வேண்டும்.

நீங்கள் தயாரா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. முந்தைய இரண்டு மூன்று வாரங்களில், 10 கிலோமீட்டர் தூரமும் 400 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு பாதையை, முதுகில் பையோடு நடந்து பாருங்கள். மறுநாள் காலை படி இறங்கும்போது முழங்கால் முனகவில்லை என்றால் கரிபால்டிக்குக் கிளம்பலாம்.

விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவையோ சின்னக் குழந்தைகளையோ அழைத்துக்கொண்டு போவதற்கு இது ஏற்ற இடமில்லை. அவர்களுக்கு, ஏரிக்குப் போகும் அதே நெடுஞ்சாலையில் பிராண்டிவைன் அருவி இருக்கிறது, நடை கொஞ்சம்தான். ஏரியே பார்க்க வேண்டும் என்றால், பெம்பர்டன் ஊரைத் தாண்டி ஜாஃப்ரி ஏரிகள் பூங்காவின் முதல் ஏரிக்குச் சில நிமிட நடையே போதும். ஆனால் ஜாஃப்ரிக்கும் பாஸ் வேண்டும், அங்கே ஆளுக்கொரு பாஸ். சில காலங்களில் பூங்காவே மூடப்படும் என்பதால் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. அவ்வளவுதான். ஜூன் மாதம் வான்கூவரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும், மேலே கடைசிச் சில கிலோமீட்டர்கள் பனிக்குள் இருக்கும். ஏரியும் உறைந்து வெள்ளையாகக் கிடக்கலாம். அந்த நீல நிறத்துக்காகப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது ஜூனில்தான். பனியாறு பாறையை அரைத்து மாவாக்கித் தண்ணீரில் கலப்பதால் வரும் நிறம் அது. பனி உருகித் தண்ணீர் திறந்த பிறகுதான் தெரியும்.

ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் கொசு அதிகம். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகையும் வரலாம். புகை நாளில் கனடாவின் காற்றுத் தர சுகாதாரக் குறியீடு (AQHI) 7 அல்லது அதற்கு மேல் காட்டினால் நடையைத் தள்ளிப்போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதற்கும் முன்பே தள்ளிப்போடுவது நல்லது. எங்களைக் கேட்டால் செப்டம்பரின் முதல் பாதிதான் ஆகச் சிறந்தது: கொசு குறைந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். ஒரே குறை, பொழுது சீக்கிரம் சாயும். ஜூலை நடுவில் இரவு 9:15 வரை வெளிச்சம். செப்டம்பர் கடைசியில் 7 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் அரை மணி முன்பே இருட்டு.

3. பாஸ்: இரண்டு நாள் முன்பு, காலை 7 மணி

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கோடைக் காலத்தில் ரபிள் க்ரீக்கில் வண்டியை நிறுத்த, மாகாணப் பூங்காத் துறையான பிசி பார்க்ஸ் தரும் பகல்நேர பாஸ் இருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்தில் எந்தெந்த நாள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், பிசி பார்க்ஸ் தளத்தில் அந்த வருட அறிவிப்பைப் படியுங்கள். கட்டணம் உண்டா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துவிடலாம்.

முன்பதிவு, நீங்கள் போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். சனிக்கிழமை நடை என்றால் வியாழன் காலை 7. இது பசிபிக் நேரம். டொரொண்டோவில் உட்கார்ந்து எடுப்பவர்களுக்குக் காலை 10. நல்ல வெயில் வாரக்கடைசி என்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும்; 6:55-க்கே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- கரிபால்டி பூங்காவுக்கு ஒரே நுழைவு அல்ல. ரபிள் க்ரீக், டைமண்ட் ஹெட், சீக்கமஸ் என்று தனித்தனியாகக் காட்டும். ஏரிக்கு ரபிள் க்ரீக். அவசரத்தில் டைமண்ட் ஹெட்டைத் தட்டிவிட்டால், கையில் இருக்கும் பாஸ் வேறொரு மலைக்கானது.
- இங்கே பாஸ் வண்டிக்கு, ஆளுக்கு அல்ல. ஒரே வண்டியில் ஐந்து பேர் வந்தால் ஒரு பாஸ் போதும். இரண்டு வண்டி என்றால் இரண்டு.
- பாஸ் மின்னஞ்சலில் வரும். அதை உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முடிந்தால் அச்சிடுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் சிக்னலை நம்ப முடியாது. அங்கே நின்று மின்னஞ்சலைத் தேடிக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கலாம்.
- யார் பெயரில் பாஸ் இருக்கிறதோ அவர் புகைப்பட அடையாள அட்டையோடு வரட்டும்.

கிடைக்கவில்லையா? முந்தைய நாள் மாலை வரை அவ்வப்போது திறந்து பாருங்கள். ரத்து செய்யப்பட்டவை திரும்ப வரும். அதே காரணத்துக்காக, நீங்கள் போகவில்லை என்றால் உங்கள் பாஸை ரத்து செய்துவிடுங்கள். இன்னொரு குடும்பம் போகும். பாஸ் இல்லாமல் போய், வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகும் டெய்ஸி ஏரிச் சாலை ஓரத்தில் நிறுத்தலாம் என்ற யோசனை வேண்டாம். வண்டியை இழுத்துப் போனால் அன்றைய நாளும் போச்சு, பணமும் போச்சு.

4. வண்டியும் ஓட்டுநர் உரிமமும்

வான்கூவர் நகர மையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். நெடுஞ்சாலை 99-இல் ஸ்குவாமிஷ் ஊரைத் தாண்டி 37 கிலோமீட்டரில் வலப்பக்கம் டெய்ஸி ஏரிச் சாலை பிரியும், அதில் 2.5 கிலோமீட்டர் உள்ளே போனால் வண்டி நிறுத்துமிடம். விஸ்லர் போகும் பேருந்துகள் அங்கே உள்ளே போவதில்லை. எனவே பெரும்பாலானோருக்குச் சொந்த வண்டி, வாடகை வண்டி, நண்பர் வண்டி, இந்த மூன்றில் ஒன்றுதான்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு முக்கியமான விவரம். சுற்றுலாப் பயணியாக வந்திருந்தால், ஊர் உரிமத்தை வைத்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் 6 மாதம் வரை ஓட்டலாம். குடியேறி வந்தவர்கள் 90 நாளுக்குள் இந்த மாகாண உரிமத்துக்கு மாற வேண்டும். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்புத் தொல்லை இல்லை. ஆனாலும் சில வாடகை நிறுவனங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கேட்கும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 25 வயதுக்குக் கீழ் என்றால் நாளுக்கு ஒரு கூடுதல் கட்டணம் போடுவார்கள். தளத்தில் முதலில் காட்டும் விலையில் அது பெரும்பாலும் இருக்காது. முன்பணத்துக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்பார்கள்; நண்பர் கார்டு உதவாது.

வண்டியை வெள்ளி மாலையே எடுத்துவிடுங்கள். நகரக் கிளைகள் பலவும் சனிக்கிழமை காலை 8, 9 மணிக்குத்தான் திறக்கும். அதுவரை காத்திருந்தால் நடை 11 மணிக்குத் தொடங்கும். கீழே 6-ஆம் பகுதியைப் படித்தால் அது ஏன் ஆகாது என்று தெரியும்.

அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த நெடுஞ்சாலையில் குளிர்கால டயர் கட்டாயம். வானம் நீலமாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான். டயரின் பக்கத்தில் எம்+எஸ் எழுத்துகளோ மலையும் பனிச்செதிலும் (ஸ்னோஃப்ளேக்) கொண்ட குறியோ இருக்கிறதா என்று வண்டியை எடுக்கும்போதே பாருங்கள்.

5. செலவு

200 கிலோமீட்டருக்கு, 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் வண்டி 16 லிட்டர் எடுக்கும். லிட்டர் 1.70 டாலர் என்று வைத்தால் 27 டாலர். நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 7 டாலருக்கும் குறைவு. ஸ்குவாமிஷில் டாங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கப்பால் விஸ்லர் வரை வழியில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கரடி ஸ்ப்ரே 40 முதல் 60 டாலர். விமானத்தில் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டாலும் எடுத்துவிடுவார்கள். எனவே டொரொண்டோவிலிருந்து வருபவர்கள் இங்கேதான் வாங்க வேண்டும், திரும்பும்போது இங்குள்ள நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

பலருக்குத் தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. மலையில் காணாமல் போனாலோ அடிபட்டாலோ, இந்த மாகாணத்தில் தேடல் மீட்புக் குழு பணம் வாங்குவதில்லை. "கூப்பிட்டால் லட்சக்கணக்கில் பில் வரும்" என்று பயந்து தாமதிக்காதீர்கள். தாமதம்தான் ஆளைக் கொல்லும். ஆம்புலன்ஸ் வேறு கணக்கு. மாகாண மருத்துவக் காப்பீடான எம்எஸ்பி உள்ளவர்களுக்கு 80 டாலர். இல்லாதவர்களுக்குப் பல நூறு, ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் என்றால் ஆயிரக்கணக்கில். புதிதாகக் குடியேறியவர்களுக்கு எம்எஸ்பி உடனே கிடைக்காது: வந்த மாதத்தின் மீதி நாட்களும் அடுத்த இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். ஒன்டாரியோவின் காப்பீடு வெளி மாகாண ஆம்புலன்ஸுக்குப் பொருந்தாது. இந்த இடைவெளியில் இருப்பவர்கள் ஒரு பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். மலைநடை அதில் விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் படியுங்கள்.

6. கடிகாரம்

மலைநடைக்காரர்கள் பின்பற்றும் பழைய கணக்கு ஒன்று: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 9 கிலோமீட்டருக்கு 1 மணி 48 நிமிடம், 850 மீட்டருக்கு 1 மணி 25 நிமிடம். மொத்தம் 3 மணி 13 நிமிடம். இது நிற்காமல் நடக்கும் பழக்கமுள்ளவருக்கு. புதியவர்கள் கால் பங்கு கூட்டி 4 மணி என்று வையுங்கள். இறங்க இரண்டரை முதல் 3 மணி. மேலே ஒரு மணி. ஆக 8 மணி நேரம்.

இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்:

காலை 6:15 வான்கூவரில் புறப்பாடு. 8:00 நடை தொடக்கம். 12:00 ஏரி. 1:00 இறக்கம். 4:00 வண்டி.

இதில் மாற்றக் கூடாத எண் ஒன்று உண்டு: திரும்பும் நேரம். புதியவர்களுக்கு அதைப் பகல் 1:30 என்று வையுங்கள். 1:30 ஆகிவிட்டால், ஏரி இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் என்றாலும் திரும்புங்கள். இதைக் கிளம்பும் முன்பே, வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே, எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே போனபின் விவாதித்தால், "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்பவர்தான் ஜெயிப்பார்.

இன்னொரு பொறி: ஏரிக்கு மதியம் போய்ச் சேர்ந்ததும், "இன்னும் கொஞ்சம் போனால் பனோரமா ரிட்ஜ், அங்கிருந்துதான் அந்தப் படம்" என்று யாராவது சொல்வார்கள். அது வண்டியிலிருந்து போக வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 1,500 மீட்டர் ஏற்றம். வேறொரு நாளுக்கான நடை அது. இருட்டில் மாட்டிக்கொள்பவர்களில் பலர் இந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் போனவர்கள்.

7. பையில் என்ன

கீழே வெயில் 27 டிகிரி என்றால் மேலே அப்படி இருக்காது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஸ்குவாமிஷில் இருப்பதைவிட ஏரிக்கரையில் 9, 10 டிகிரி குறைவு. பனியாற்றுக் காற்று வேறு. ஏறும்போது வியர்த்து நனைந்த பருத்தி டீ-ஷர்ட் அந்தக் காற்றில் உலராது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் அதைவிட மோசம். பாலியெஸ்டர் ஜெர்சி, மேலே போட ஒரு ஃப்ளீஸ், மழை ஜாக்கெட், மாற்றுச் சாக்ஸ். விளையாட்டு ஜெர்சி எல்லார் வீட்டிலும் இருக்கும். அதற்காகப் புதிதாகச் செலவு வேண்டாம்.

காலணியில்தான் கஞ்சத்தனம் கூடாது. அதே நேரம், வெள்ளிக்கிழமை வாங்கிய புது பூட்ஸோடு சனிக்கிழமை போகக் கூடாது. நான்காவது கிலோமீட்டரில் குதிகால் கொப்புளித்துவிடும். அடிப்பகுதி தேயாத, பழகிய ஓட்டக் காலணி இந்தப் பாதைக்கு உலர்ந்த நாளில் போதும். குதிகால் உரசத் தொடங்குகிறது என்று தோன்றிய நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடைக்கம்பு ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதிகம் உதவும்.

ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப், செல்போன் டார்ச் அல்ல. ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். ஏரித் தண்ணீர் பளிங்குபோல் இருந்தாலும் வடிகட்டாமலோ மாத்திரை போடாமலோ குடிக்க வேண்டாம். வரைபடத்தைச் செல்போனில் இணையம் இல்லாமல் திறக்கும்படி முந்தைய இரவே இறக்கி வையுங்கள். பவர் பேங்க் ஒன்று. ஐபோன் 14 முதல் உள்ளவற்றில் செயற்கைக்கோள் வழி அவசர உதவி கனடாவில் இயங்கும், ஆனால் மேலே திறந்த வானம் வேண்டும். அடர்ந்த மரத்தடியில் திணறும்.

சாப்பாட்டுக்கு நம் புளிசாதத்தை மிஞ்ச எதுவும் இல்லை. உப்பும் எண்ணெயும் மாவுச்சத்தும் சேர்ந்தது, ஆறு மணி நேரம் பையில் கிடந்தாலும் கெடாது. எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தியும் சரி. தயிர்சாதத்தை வெயில் நாளில் தவிர்க்கலாம். வழியில் கொறிக்கக் கடலைமிட்டாய், பேரீச்சை. மணிக்கு ஒருமுறை ஒரு கை. பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் கால் தளர்ந்தபின் தேறாது. கரையில் உட்கார்ந்ததும் சாம்பல் நிறப் பறவைகள் கை வரைக்கும் வந்து சோற்றைக் கொத்தும், அணில்கள் பையைக் குடையும். ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள், டப்பாவை மூடி வையுங்கள். ஆரஞ்சுத் தோல், டிஷ்யூ, கறிவேப்பிலை உட்பட எல்லாம் உங்கள் பையிலேயே திரும்ப வர வேண்டும். ஏரியில் டப்பா கழுவுவதும் கூடாது.

நாய், ட்ரோன் இரண்டுக்கும் அனுமதியில்லை. தீ மூட்டவும் கூடாது.

8. பாதையில்

கிளம்பும் முன் வண்டி நிறுத்துமிடத்துக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், டிஷ்யூ உங்களுடையதாக இருக்கட்டும். பாஸ்போர்ட், லேப்டாப் எதையும் வண்டியில் விட்டுப் போகாதீர்கள். மலைப்பாதைத் தொடக்கங்களில் கண்ணாடி உடைத்துத் திருடுவது இங்கே வழக்கமான குற்றம்.

முதல் 6 கிலோமீட்டர் காட்டுக்குள் கொண்டைஊசி வளைவுகள். காட்சி எதுவும் கிடையாது, பலர் மனம் சோர்வது இங்கேதான். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். வளைவைத் தவிர்த்துக் குறுக்கே ஏறாதீர்கள், மண் அரித்து மழையில் பாதையே போய்விடும். தொடக்கத்திலேயே, பேரியர் என்ற எரிமலைப் பாறைச் சுவருக்குக் கீழே உள்ள பகுதியில் தங்கி நிற்கக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகை இருக்கும். அந்தச் சுவர் நிலையற்றது. அங்கே இளைப்பாறாமல் நடந்துகொண்டே இருங்கள்.

6-ஆவது கிலோமீட்டரில் பாதை பிரியும். வலப்பக்கம் ஏரி. இடப்பக்கம் டெய்லர் மெடோஸ். அதுவும் சுற்றிக்கொண்டு ஏரிக்கு வரும், ஆனால் ஏற்றம் கூடுதல். முதல்முறை போகிறவர்கள் வலப்பக்கமே போங்கள். சிறிது தூரத்தில் பேரியர் காட்சிமுனை, பிறகு இரண்டு சின்ன ஏரிகள். முதல் ஏரியைப் பார்த்ததும் வந்துவிட்டோம் என்று உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. பெரிய ஏரி இன்னும் மேலே இருக்கிறது. கடைசியில் பாலம் ஒன்றைக் கடந்து கரையோரமாகப் போனால் முகாம் பகுதி. அங்கே கழிப்பறையும், மழை வந்தால் ஒதுங்கக் கூரையும் உண்டு.

தண்ணீரில் இறங்க ஆசை வரும். பனி உருகிய தண்ணீர். குதித்தவுடன் மூச்சு தன்னிச்சையாக இழுக்கும், அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போகலாம். முழங்கால் வரை போதும்.

கருங்கரடிகள் இந்தக் காட்டில் உண்டு. பேசிக்கொண்டு நடக்கும் கூட்டத்தைக் கேட்டால் அவையே விலகிப் போகும். ஸ்ப்ரே இடுப்பிலோ தோள்பட்டையிலோ இருக்க வேண்டும். பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். கொசு மருந்துபோல உடம்பிலோ பையிலோ அடித்துக்கொள்ளும் பொருள் அல்ல அது. மிளகாய்க் காரம், தோலும் கண்ணும் எரிந்துவிடும். கரடி நான்கைந்து மீட்டருக்குள் பாய்ந்து வந்தால் அதன் முகத்துக்கு நேரே அடிப்பதற்கு மட்டும். பார்த்தவுடன் ஓடாதீர்கள், முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள்.

9. வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்

கூட வராத ஒருவருக்கு நான்கு விவரம் அனுப்புங்கள்: எந்தப் பாதை, எத்தனை பேர், வண்டி எண், எத்தனை மணிக்குள் செய்தி வரவில்லை என்றால் 911-ஐ அழைக்க வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி அந்த நேரத்தை மாலை 7:30 என்று வைக்கலாம். "இன்னைக்கு மலைக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், தேடுபவர்கள் எந்த மலை என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த நபர் இந்த நாட்டில் இருப்பவராக இருக்கட்டும். சென்னையிலிருந்து 911-ஐ அழைக்க முடியாது.

ஞாயிறு மாலை வான்கூவர் திரும்பும் சாலை நெரியும். லயன்ஸ் கேட் பாலத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம்கூட நிற்க நேரலாம். களைத்த ஓட்டுநரை அதில் உட்கார வைக்காமல், ஸ்குவாமிஷில் இறங்கிச் சாப்பிட்டு, ஆள் மாற்றி ஓட்டுங்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்தான் மாற்றி ஓட்டலாம், எனவே இரண்டாவது ஓட்டுநரின் பெயரை வெள்ளிக்கிழமையே சேர்த்துவிடுங்கள். ஸ்குவாமிஷில் சிக்னல் வந்துவிடும். சாப்பாடு சொல்வதற்கு முன்பு, வீட்டில் காத்திருப்பவருக்கு "இறங்கிவிட்டோம்" என்று ஒரு வரி அனுப்புங்கள்.